எங்கே நிறுத்தினோம்?

வீடு எழும்பாத சைட்டுகள் மிச்சமிருக்கும் வரை சந்தாபுராவில் கால்பந்து இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் தாண்டி, ஒசூர் ரோட்டில் அத்திப்பள்ளிக்கு முன்னால், ஆனேக்கல் சாலை பிரிகிற இடத்தில் இருக்கிறது ஊர். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய. காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானத்துக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்கு, லேஅவுட் போட்டு எல்லைக்கல் நட்டு அப்படியே கிடக்கிற செம்மண் மனை போதும். இரண்டு பக்கமும் இரண்டு செங்கல் வைத்தால் கோல் தயார். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்பே தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கலந்து பந்து கேட்கும் சத்தம் தொடங்கிவிடும்.

அந்தப் பையன்களிடம் எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எல்லோருமே ஃபார்வர்ட் என்பார்கள். பேக்கில் நிற்பவன் சின்னவனாகவோ, ஓட முடியாதவனாகவோ, எதிர்த்துப் பேசத் தெரியாதவனாகவோ இருப்பான். கடைசியாக வந்து சேர்ந்தவன் கோலி. இந்த வரிசையைப் பிள்ளைகள் தாங்களாக உண்டாக்கவில்லை. ஆட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு அவர்கள் கற்றுக்கொண்டது இது. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 1-2 என்று தோற்றது. இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன். பெங்களூரில் பழைய ஆட்டம் பேசுகிறவர்களுக்கு இன்றும் அவர் பெயர் தெரியும். அன்று பின்வரிசையில் நின்று பிரான்சை இரண்டு கோலோடு நிறுத்தியவர்களின் பெயர்களை எத்தனை பேர் சொல்வார்கள்? கோல் அடிப்பவனுக்கே பெயர் நிலைக்கிறது. பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தில் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் கௌரவம் வைத்துவிட்டு, மீதி இடங்களுக்குப் பையன்கள் விரும்பி வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

நான் சில மாதங்களாகக் கவனித்துவரும் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது பதினான்கு. அப்பா பொம்மசந்திராவில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். பத்து வயதில் இவனை ஓடிப் பிடிக்க யாராலும் முடியாது. பந்தைத் தள்ளிவிட்டுத் துரத்துவான், மற்றவர்கள் சேர்வதற்குள் கோல். அதனால் ஃபார்வர்ட் ஆனான். பிறகு கூட ஆடியவர்கள் எல்லோரும் வளர்ந்தார்கள், தோள் விரிந்தது, கால் நீண்டது. இவன் உயரம் மெதுவாக ஏறிற்று. வேகம் குறையவில்லை, ஆனால் அவன் மட்டுமே வேகமாக ஓடிய காலம் போய்விட்டது. சென்ற ஆண்டு முழுக்க அவன் ஆட்டம் ஒரே மாதிரி இருந்தது. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பான். பந்து காலுக்கு வரும். பின்னாலிருந்து ஒரு பெரிய உடம்பு மேலே விழும். முதல் டச்சிலேயே பந்து ஒரு கஜம் தள்ளிப் போகும். அதை எட்டிப் பிடிப்பதற்குள் எதிராளியின் கால் குறுக்கே வந்துவிடும். 'டேய், பாஸ் பண்ண வேண்டியதுதானே' என்று மூன்று திசையிலிருந்து கத்துவார்கள். அடுத்த முறை பந்து வரும்போது அவன் இன்னும் அவசரப்படுவான். பிறகு கூட்டாளிகள் அவனுக்குப் பந்து கொடுப்பதையே குறைத்துவிட்டார்கள்.

அந்தப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். ஒரு காலத்தில் பெங்களூர் மாவட்ட லீகில் ஆடியவர். பிள்ளைகள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். பந்து தன்னிடம் இல்லாதபோது இந்தப் பையன் என்ன செய்கிறான் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து மறுபக்கம் இருக்கும்போது அவன் கை நீட்டி இடம் காட்டுவான். 'பின்னாடி ஆள் வர்றான்' என்று முதலில் சொல்பவன் அவன்தான். எதிரணி எந்தப் பக்கம் திறக்கப்போகிறது என்பது பந்து அங்கே போவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்தது. முன்வரிசையில், முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நிற்கும் வரை இந்தக் கண் அவனுக்கு எந்த உபயோகமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது பேக்கில் ஆடும் பையன் வரவில்லை.

"இன்னிக்கு நீ லெஃப்ட் பேக்ல நில்லுடா."

"ஏண்ணா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணுமில்ல. அங்கேருந்து ஆட்டம் எப்படித் தெரியுதுன்னு பாரு. அப்புறம் வந்து சொல்லு."

அவன் முகம் தொங்கிப்போனது. முதல் சில நிமிடங்கள் தண்டனை அனுபவிப்பவன்போல இடுப்பில் கை வைத்து நின்றான். பிறகு கோலி ஒரு பந்தை அவனிடம் உருட்டினான். அவனுக்கு முதுகுப்புறம் கோட்டைத் தவிர யாருமில்லை. மைதானம் முழுதும் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. பந்தை இடதுகாலால் நிறுத்தினான். நிறுத்தும்போதே தலை நிமிர்ந்திருந்தது. எதிரணி ஃபார்வர்ட் நெருங்கி வரும் வரை காத்திருந்து, அவன் விட்டுவந்த இடைவெளி வழியாக நடுவில் நின்றவனுக்குத் தரையோடு ஒரு பாஸ் கொடுத்தான். கொடுத்த கையோடு கோட்டை ஒட்டி முன்னால் ஓடினான். பந்து திரும்பி அவனிடமே வந்தது. கோல் விழவில்லை. ஆனால் அன்று முழுக்க யாரும் அவனைப் பார்த்துக் கத்தவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அவனுடைய கால் ஒரே வாரத்தில் தேறிவிடவில்லை. ஃபார்வர்டுக்குப் பந்து வரும்போது பெரும்பாலும் கோல் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, ஆள் ஒட்டி நிற்கிறான், யோசிக்க நேரம் இல்லை. முதல் டச் சரியாக அமையவில்லை என்றால் அதோடு முடிந்தது. ஓரத்துப் பேக்குக்குப் பந்து வரும்போது அவன் மைதானத்தைப் பார்த்து நிற்கிறான், ஒரு பக்கம் கோடு காவலாக இருக்கிறது, நெருக்கம் ஒரு திசையிலிருந்துதான் வர முடியும். சுமாரான டச்சையும் சரிசெய்துகொள்ள அரை விநாடி கிடைக்கிறது. அந்த அரை விநாடியில் இவனுடைய கண் வேலை செய்கிறது. ஓரிடத்தில் அவனுடைய குறையே முன்னால் வந்து நின்றது. இன்னோரிடத்தில் அவனுடைய நிறைக்கு வேலை கிடைத்தது. பையன் அதே பையன்தான்.

நம்மவர்களில் இதற்குப் பெரிய சான்று பீட்டர் தங்கராஜ். 1935இல் ஐதராபாத் சமஸ்தானத்தில் பிறந்து, செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் கிளப்புகளில் ஆடத் தொடங்கியவர். பிறகு ராணுவத்தில் சேர்ந்து நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடினார். ஆரம்பத்தில் அவர் சென்டர் ஃபார்வர்ட். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். அவர் கோல்கீப்பராக மாறியது ராணுவத்தில் சேர்ந்த பிறகு. அந்த ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் அவர் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். தங்கராஜ் சென்டர் ஃபார்வர்டாகவே இருந்திருந்தால் அந்த ரெஜிமெண்டுக்கு ஒரு நல்ல ஆட்டக்காரர் கிடைத்திருப்பார். ஆசியாவுக்கு அந்தக் கோல்கீப்பர் கிடைத்திருக்க மாட்டார். நம் மனைகளில் கடைசியாக வந்தவனை நிறுத்துகிற இடம்தான் அவரை உயர்த்திய இடம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. முன்பு ஃபார்வர்டாக ஆடியவன் கோலுக்குள் நிற்கும்போது பழைய அறிவை வெளியே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. எதிரே பந்தோடு வருகிறவன் எப்போது தலை குனிவான், எந்தக் காலை ஊன்றினால் எந்தப் பக்கம் அடிப்பான் என்பது அவன் உடம்புக்குத் தெரியும். தானே செய்து பார்த்தது அது. இடம் மாறியவர்களிடம் இந்த இரட்டை அறிவு இருக்கிறது. விங்கில் ஆடிப் பேக்குக்கு வந்தவனுக்கு விங்கில் வருபவனின் ஆசை தெரியும். அதனால்தான் முந்தைய ஆண்டுகள் வீணாய்ப் போயின என்று சொல்வது தவறு. அவை வேறு பெயரில் உள்ளே இருக்கின்றன.

கன்னியாகுமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை சிட்டி அணியிலும் ஜாம்ஷெட்பூரிலும் இடதுபுறத் தாக்குதல் ஆட்டக்காரராக அறியப்பட்டவர். 2019-20 பருவத்தில் ஏடிகே அணியின் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் பின்னால் மூன்று பேரை வைத்து ஆடினார். அந்த அமைப்பில் வலப்புறம் பிரபீர் தாஸையும் இடப்புறம் சூசைராஜையும் கோடு முழுக்க ஓடி ஆடும் விங் பேக்குகளாக நிறுத்தினார். தாக்கவும் வேண்டும், திரும்பி ஓடி வந்து காக்கவும் வேண்டும். 2020 மார்ச் 14 அன்று ஃபத்தோர்டாவில், கொரோனாவால் பார்வையாளர் இல்லாமல் நடந்த இறுதியாட்டத்தில், அந்த அணி சென்னையின் எஃப்சியை 3-1 என்று வென்று ஐஎஸ்எல் கோப்பையை எடுத்தது. பெங்களூரு எஃப்சியில் ஆஷிக் குருணியனுக்கும் இது நடந்தது. 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது சுனில் சேத்ரியோடு முன்வரிசையில் ஆடியவர் அவர். பயிற்சியாளர் கார்லஸ் குவாத்ராத் அவரை இடது பேக்கில் நிறுத்தினார். பின்னர் அதே கிளப்பில், விங்கில் ஆடி வளர்ந்த மணிப்பூர் இளைஞர் ரோஷன் சிங் பேக்கில் ஆடி, 2021-22 பருவத்தின் வளரும் வீரர் விருதை வாங்கினார். சந்தாபுராவின் மனையில் இருக்கும் பையன் கண்டீரவா மைதானத்துக்குப் போய்ப் பார்க்கக்கூடிய ஆட்டங்கள் இவை. தன்னைத் தண்டித்துவிட்டார்கள் என்று அவன் நினைத்த இடத்தில், அந்த இடத்தை வைத்தே பெயரெடுத்தவர்கள் அவன் ஊர் அணியிலேயே ஆடியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மாற்றம் பெரும்பாலும் திட்டமிட்டு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இத்தாலியின் ஆந்திரேயா பிர்லோ இளவயதில் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் ஆடும் பத்தாம் எண் ஆட்டக்காரர். இன்டர் மிலானில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. 2001இல் பிரேஷியாவுக்கு இரவலாக அனுப்பினார்கள். அங்கே அந்த இடத்தில் ரொபேர்டோ பாஜியோ இருந்தார். பாஜியோவை நகர்த்த யாராலும் முடியாது. பயிற்சியாளர் கார்லோ மத்ஸோனே பிர்லோவைப் பின்னால் இழுத்து, தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார். ஓட்டத்தில் மெதுவானவர், மோதலில் பலம் இல்லாதவர். ஆனால் அங்கிருந்து மைதானம் முழுக்கத் தெரிந்தது. நாற்பது கஜம் தள்ளி ஓடுபவனின் காலடியில் பந்தை இறக்க அவரால் முடிந்தது. அந்த ஏப்ரலில் யுவென்டஸுக்கு எதிராக அவர் தூக்கிக் கொடுத்த பந்தைத்தான் பாஜியோ ஒரே தொடுதலில் கீப்பரைத் தாண்டவைத்து கோலாக்கினார். அடுத்த ஐந்தாண்டில் பிர்லோ உலகக் கோப்பை வென்ற அணியின் மையம். தனக்குரிய இடம் என்று அவர் நினைத்ததில் இன்னொருவர் இருந்ததால்தான் இது நடந்தது.

நியூகாசிலின் ஜோலிண்டன் கதை இன்னும் கடுமையானது. 2019இல் கிளப்பின் அதுவரையிலான சாதனை விலையாக 4 கோடி பவுண்டு கொடுத்து, ஒன்பதாம் எண் சட்டையோடு ஸ்டிரைக்கராக வாங்கினார்கள். முதல் பருவத்தில் பிரீமியர் லீகில் இரண்டே கோல். பணம் வீண் என்று ஊரே சொன்னது. 2021 நவம்பர் 30 அன்று நார்விச்சுக்கு எதிரான ஆட்டத்தில் ஒன்பதாவது நிமிடமே தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பத்துப் பேரோடு மீதி ஆட்டத்தைத் தாங்க வேண்டும். அன்று நடுக்களத்தில் ஓடியும் மோதியும் பந்தைப் பறித்தும் ஜோலிண்டன் ஆடியதைப் பார்த்த பிறகு, அவரை யாரும் ஸ்டிரைக்கராக நினைக்கவில்லை. அந்தப் பருவத்தின் முடிவில் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் அவர். 2023 ஜூனில் பிரேசிலுக்காகவும் ஆடினார். கோல் அடிக்கத் தெரியாத ஸ்டிரைக்கர் என்று ஏளனம் செய்யப்பட்டவரின் உடம்பில் அத்தனை நாளும் ஒரு நடுக்கள ஆட்டக்காரர் இருந்திருக்கிறார்.

விபத்து வாய்ப்பைக் கொடுக்கும். கொடுத்த வாய்ப்பைக் கண்டுகொள்ள ஓர் ஆள் வேண்டும். நம் நாட்டில் அப்படிப்பட்ட கண் உடையவர் சையத் அப்துல் ரஹீம். ஐதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்சியில்தான் இந்தியா 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது, 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தது. 2024இல் வந்த மைதான் இந்திப் படத்தின் வழியாக இப்போதைய தலைமுறைக்கும் அவரைத் தெரியும். 1962இல் ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். தாய்லாந்தோடு ஆடும்போது அணியின் மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. பின்வரிசையில் நின்று உயரப் பந்துகளைத் தலையால் முட்டிக்கொண்டே இருக்க முடியாத நிலை. வேறு எவராக இருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார், 3-2 என்று வென்றோம். செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1. அன்று இந்தியக் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கியவர் கோலுக்குள் நின்றார், தற்காப்பில் வளர்ந்தவர் சென்டர் ஃபார்வர்டாக ஆடினார். இந்தியக் கால்பந்தின் மிக உயர்ந்த நாள் அப்படி அமைந்தது. ரஹீம் அப்போது புற்றுநோயால் துன்பப்பட்டுக்கொண்டிருந்தார். 1963 ஜூன் 11 அன்று காலமானார்.

ரஹீமின் திறமையை இடம் மாற்றுவதில் மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு மனிதனின் உடம்பிலும் மனத்திலும் என்னென்ன இருக்கின்றன என்று அவர் முன்பே பார்த்து வைத்திருந்தார். நெருக்கடி வந்த நாளில் அது கைக்கு வந்தது. பார்த்து வைப்பதற்குப் பொறுமை வேண்டும், பந்து இல்லாத இடத்தையும் பார்க்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களில் நல்லவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. கரும்பலகைக்கு முன்னால் திக்குகிற பையன் கடைசி பெஞ்சில் யாருக்கோ கணக்குச் சொல்லிக்கொடுப்பதை அவர்கள் கவனிப்பார்கள்.

இடங்களும் என்றென்றைக்கும் இருப்பவை அல்ல. ஒரு காலத்தில் முன்னால் ஐந்து பேர், பின்னால் இரண்டே பேர். 1953இல் வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்திய ஹங்கேரி அணியில் நாண்டோர் ஹிடெக்குட்டி ஒன்பதாம் எண் சட்டையோடு வந்து, நடுக்களம் வரை இறங்கி ஆடினார். அவரைப் பின்தொடர்ந்து போவதா, விட்டுவிடுவதா என்று இங்கிலாந்தின் தற்காப்புக்குக் கடைசி வரை விளங்கவில்லை. அவர் மூன்று கோல் போட்டார். அப்போது அவருக்கு வயது 31. அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று இங்கிலாந்தில் அதுவரை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பேக்கின் வேலை பந்தை உதைத்து வெளியே தள்ளுவது என்று இருந்தது, இன்று ஓரத்துப் பேக் அணியின் முதன்மைத் தாக்குதல்காரர்களில் ஒருவர். இன்று எந்த இடத்திலும் பொருந்தாமல் நிற்கிற ஒரு சிறுவனுக்கு உரிய இடம் பத்து வருடம் கழித்துத்தான் உருவாகும் என்றும் இருக்கலாம். அதுவரை அவன் ஆட்டத்தில் இருக்க வேண்டும். அதற்குள் அவனை விரட்டிவிடக் கூடாது.

விரட்டிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். வயது வரம்புப் போட்டிகளில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பன்னிரண்டு வயதில் பதினொரு மாதம் என்பது பெரிய வித்தியாசம். முன்னால் பிறந்தவன் உயரமாக இருக்கிறான், தேர்வாகிறான், நல்ல பயிற்சி அவனுக்கே கிடைக்கிறது. பல நாடுகளில் பல விளையாட்டுகளில் ஆராய்ந்து சொல்லப்பட்ட விஷயம் இது. தேர்வு நாள் என்றால் நூறு பையன்கள், சில நிமிட ஆட்டம், கோல் அடித்தவன் பெயர் நோட்டில் ஏறும். பேக்கில் நின்று ஐந்து தாக்குதல்களை இடம் பார்த்து நின்றே தடுத்தவன் யார் கண்ணிலும் படமாட்டான், ஏனென்றால் அவன் சரியாக நின்றதால் எதுவுமே நடக்கவில்லை. சந்தாபுராவின் அந்தப் பையனுடைய அப்பா கேட்டதும் இதைத்தான். ஷிஃப்ட் முடித்து வந்து கோட்டோரம் நின்றவர் பயிற்சியாளரிடம் மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, கோல் போட்டாத்தான ஸ்கூல் டீம்ல எடுப்பாங்க. பின்னாடி நின்னா இவனை யாரு பாப்பாங்க?"

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெங்களூரில் எச்ஏஎல், ஐடிஐ போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் அணிகள் ஒரு காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு வேலையும் குடும்பத்துக்கு அரிசியும் கொடுத்தன. அல்சூர், கௌதமபுரா, ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கால்பந்து ஆடியவர் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தார். அந்த வழி குறுகிவிட்டது. மைசூர் அணி 1968-69இல் சந்தோஷ் கோப்பையை வென்ற பிறகு, கர்நாடகம் அதை மீண்டும் எடுக்க 2023 மார்ச்சில் ரியாத் வரை போக வேண்டியிருந்தது. வாய்ப்பு குறைவாக இருக்கும் இடத்தில் அப்பாக்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தையே பிள்ளைக்குக் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. மாற வேண்டியது தேர்வு செய்கிறவர்களின் கண்.

இடம் மாறுவதை இனிப்பாகச் சொல்லிவிடவும் எனக்கு மனமில்லை. அதில் ஓர் இழப்பு இருக்கிறது. அந்தப் பையன் இரவில் படுத்தபடி எண்ணிப் பார்த்திருக்கும் கோல்கள் இனி அவனுடையவை அல்ல. பேக்கில் ஆடத் தொடங்கிய பிறகும் சில வாரங்கள், அணி கோல் போட்டதும் எல்லோரும் முன்னால் ஓடிக் கட்டிக்கொள்ளும்போது, இவன் பாதி தூரம் ஓடி நின்றுவிடுவான். அவனை அந்த நேரத்தில் தேற்றத் தேவையில்லை, அவசரப்படுத்தவும் கூடாது. ஆசைப்பட்டதை விட்டுக்கொடுக்கிற வேலையை அவன்தான் செய்து முடிக்க வேண்டும். அதற்கு அவனுக்குக் காலம் கொடுக்கலாம். கொடுத்த இடம் இரண்டாந்தரமானது அல்ல என்பதை வாயால் சொல்லாமல் நடத்தையால் காட்டலாம். அவன் பயிற்சியாளர் இப்போது ஆட்டம் முடிந்ததும் முதலில் பேக்குகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறார். 'அந்தப் பந்து வந்தப்போ நீ ஏன் உள்ள நகர்ந்த?' என்று கேட்கிறார். பையன் பதில் சொல்கிறான். நீளமாக, கையால் மண்ணில் கோடு போட்டுச் சொல்கிறான். ஃபார்வர்டாக இருந்த ஆண்டில் அவனிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

எல்லோருக்கும் ஓர் இடம் எங்கோ காத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு எந்த இடத்திலும் ஆட்டம் வராமல் போகலாம், வேறு வேலைக்குப் போவார்கள், அதில் தவறும் இல்லை. அந்தத் தீர்ப்பை எப்போது சொல்கிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் சிறுவர்களுக்காகக் கொண்டுவந்த கோல்டன் பேபி லீக் போன்ற சிறு அணி ஆட்டங்களில் ஒரு நல்ல விஷயம் உண்டு. மைதானம் சின்னது, ஆட்கள் குறைவு, ஆகவே எல்லோரும் தாக்கவும் காக்கவும் வேண்டியிருக்கிறது. பையனை ஓரிடத்தில் ஆணியடித்து வைக்க முடியாது. பதினோரு பேர் ஆட்டத்துக்குப் போன பிறகும் அந்தப் பழக்கத்தைச் சில ஆண்டுகள் காப்பாற்றினால் போதும். பதினாறு வயது வரைக்கும் எந்தப் பையனையும், எந்தப் பெண்ணையும், ஒரு பருவத்தில் குறைந்தது மூன்று இடங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பந்து இல்லாதபோது என்ன செய்கிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். தேர்வு நாளில் பேக்குகளையும் கீப்பர்களையும் பார்ப்பதற்கென்றே ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும். இதற்கு டர்ஃப் வேண்டாம், பெரிய கிளப் வேண்டாம், ஒசூர் ரோட்டோரத்துச் செம்மண் மனையிலேயே செய்யலாம். இவ்வளவும் செய்து பார்த்த பிறகு ஒருவர் 'இவனுக்கு ஆட்டம் வராது' என்று சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். அதற்கு முன்னால் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.